ஃப்ரிட்ஜுக்கு இடம் விட்ட சுவர்

ஒரு ஃப்ரிட்ஜுக்காகச் சுவர் நகர்ந்ததைக் கண்டு அன்னலட்சுமி குடியிருப்பில் யாரும் வாய் பிளக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாய் பிளந்திருந்தால், ஜோசியரையோ இன்ஜினியரையோ கூப்பிட்டுக் காட்டியிருந்தால், டிவிக்காரர்கள் மைக்கோடு வந்து படியில் நின்றிருந்தால், ஒருவேளை பிலோமினா தப்பித்திருப்பாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. சுவர் நகரும் என்று தெரிந்ததும் அவரவர் வீட்டுக்குள் போய் அவரவர் சுவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கோயமுத்தூரில், ஒண்டிப்புதூர் பக்கம், பம்ப்செட் கம்பெனிகளின் இரைச்சல் பகலெல்லாம் கேட்கும் தெருவில் இருந்தது அந்தக் குடியிருப்பு. மூன்றாம் மாடியில் வரிசையாக நான்கு வீடுகள். படியேறியதும் முதல் வீடு சங்கச் செயலாளர் நாச்சிமுத்துவுடையது, அடுத்தது சுகந்தியுடையது, மூன்றாவது கோகிலவாணியுடையது. கடைசி வீட்டில், அதற்கப்பால் வெறும் காற்றும் ஒரு வேப்பமரத்து உச்சியும்தான் என்ற வீட்டில், வாடகைக்கு இருந்தாள் பிலோமினா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, பக்கத்துக் காலேஜில் படிக்கும் பையன்களுக்குக் கேரியர் சாப்பாடு கட்டிக் கொடுத்துப் பிழைத்தாள். ஒரு பிடி கறிவேப்பிலைகூட அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்காதவள் என்று அவளுக்குப் பேர். அதை ஒரு பெருமையாக எல்லோரும் சொன்னார்கள். கேட்காதவர்களைப் பற்றிப் பெருமை பேசுவது எப்போதுமே மற்றவர்களுக்கு வசதி.

கோகிலவாணிக்கு அந்த இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் பல வருடத்து ஆசை. பழையதின் கதவு மூடாமல், ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். சமையலறையில் ஆசாரி அடித்த உயரமான கப்போர்டுக்கும் பிலோமினா வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள்தான் ஃப்ரிட்ஜ் உட்கார வேண்டும். கோகிலா அதைத் தன் கையால் சாண் போட்டு அளந்தாள். நாலு சாண் வந்தது. கடையில் போய் ஃப்ரிட்ஜின் மேல் கையை விரித்தபோது, அவள் புருஷன் சௌந்தரராஜன், "நாலு பேர் பாக்கறாங்க, நீ சும்மா நில்லு, நான் பாக்கறேன்" என்று தன் கையை விரித்து அளந்தான். அதுவும் நாலு சாண்தான். பம்ப் கம்பெனியில் மயிரிழை பிசகினாலும் ஷாஃப்ட்டைத் தூக்கி எறிகிற மனுஷன் அவன். ஆனால் அவன் சாணும் அவள் சாணும் ஒன்றல்ல என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

தோன்றியது கடைக்கார ஆட்களுக்குத்தான். மூன்று மாடி தூக்கி வந்து இறக்கி, இடைவெளியில் வைத்துப் பார்த்து, அவர்களில் மூத்தவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள போவாதுங் அம்மணி. நாலு விரல் எடம் பத்தலை. ஒண்ணு கப்போர்டை அறுக்கோணும். இல்லீனா திருப்பி ஏத்திட்டுப் போயிர்றோம்."

"கப்போர்டை எதுக்குங் அறுத்துட்டு," என்றான் சௌந்தரராஜன். "எடுத்துட்டுப் போயிருங்க. பழசையே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் கோகிலா."

அட்ஜஸ்ட் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் கோகிலாவுக்குள் என்னவோ திரும்பிப் படுத்தது. பிறந்த வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒருக்களித்தே படுத்து வளர்ந்தவள், பள்ளிக்கூட பெஞ்சில் பாதித் தொடை வெளியே தொங்க உட்கார்ந்து படித்தவள், டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள், கல்யாண போட்டோவில்கூட மாமனாருக்கு இடம் வேண்டுமென்று ஒரு தோளை ஃப்ரேமுக்கு வெளியே விட்டவள், மாமியார் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு, அதிலும் பாதி என்று வாழ்ந்தவள், தள்ளிக்கோ தள்ளிக்கோ என்று யார் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் நகர்ந்து நகர்ந்து நாற்பத்தாறு வயதுக்கு வந்து சேர்ந்தவள், அன்றைக்கு முதல்முறையாகத் தன் உள்ளங்கையைச் சுவரின்மேல் வைத்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்பதுபோல, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கொஞ்சம் தள்ளிக்க, கண்ணு."

சுவர் தள்ளிக்கொண்டது. விரிசல் விடவில்லை, தூசி கொட்டவில்லை. தூக்கத்தில் இருக்கும் பிரயாணி பாதிக் கண் திறந்து, முந்தானையை இழுத்துக்கொண்டு, ஜன்னலோரம் ஒண்டுவாள் இல்லையா, அப்படி நாலு விரல் அந்தப் பக்கம் ஒண்டியது. ஆணியில் தொங்கிய காலண்டர் ஒருதரம் ஆடி நின்றது.

"இப்பப் போவுதுங்களே," என்றார் மூத்தவர். தள்ளினார்கள். போயிற்று. கையெழுத்து வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினார்கள். கோகிலா ஃப்ரிட்ஜின் கதவில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, முதல் பொருளாக ஒரு பால் பாக்கெட்டை உள்ளே வைத்தாள். அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பாக வந்தது. தான் சொல்லி ஒன்று நகர்ந்துவிட்டதே என்ற சிரிப்பு.

சாயங்காலம் ஃப்ரிட்ஜைப் பார்க்க பிலோமினா வந்தாள்.

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி ஒக்காந்துருக்கு கோகிலா," என்று கதவைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ர அளவுதான் கெட்டுப்போச்சு. அடுப்புக்கும் சுவத்துக்கும் நடுவால திரும்பறப்ப இன்னிக்குப் பூராம் இடுப்பு இடிச்சுது. நேத்து வரைக்கும் இடிக்கலை. நான் பெருத்துட்டனா என்ன?"

அந்த நிமிஷமே கோகிலாவுக்குப் புரிந்துவிட்டது. சுவர் என்றால் அதற்கு அந்தப் பக்கம் என்று ஒன்று உண்டு என்பதும், தள்ளிக்கொள்கிறவர் யாரையோ நெருக்கித்தான் தள்ளிக்கொள்கிறார் என்பதும், பஸ்ஸில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்குத் தெரியாதா? சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் சொன்னால் பிலோமினா அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள், சுவர் திரும்பி வரும், ஃப்ரிட்ஜ் போகும்.

"கொள்ளு ரசம் வெச்சுக் குடிச்சுப் பாருங்க்கா," என்றாள். "நல்லாக் கொறையும்."

செய்தி எப்படிப் பரவியது என்று கேட்டால், கடைக்கார ஆட்கள் படியிறங்கும்போது பேசிக்கொண்டே போனார்கள், அது போதாதா. மறுநாளே சுகந்தி தன் ஹாலில் பீரோவுக்கு இடம் பத்தவில்லை என்று கோகிலா பக்கத்துச் சுவரிடம் கேட்டுப் பார்த்தாள். அவளுக்கும் நகர்ந்தது. நாச்சிமுத்து, கால் நீட்டிக்கொள்ளும் சோபா ஒன்றை மகன் அனுப்பியிருக்கிறான் என்று சுகந்தி பக்கத்துச் சுவரிடம் கேட்டார். செயலாளர் தோரணையில் கேட்டபோது சுவர் அசையவே இல்லை. அவர் மனைவி வந்து "சித்த நகருங்க சாமி" என்றதும் நகர்ந்தது. கீழ் மாடிகளிலும் இதே கதைதான். அதட்டினால் கேட்காது, கெஞ்சினாலும் கேட்காது, பஸ்ஸில் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. குழந்தைகளுக்கு மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுக்க இதை ஓர் உதாரணமாகக்கூடச் சொன்னார்கள். எண்ணெய்க் குளியலுக்கு பாத்ரூமை அகலமாக்கிக்கொண்டு, முடிந்ததும் விட்டுக்கொடுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களைச் சொல்லவில்லை.

வெளிச்சுவர் மட்டும் யார் சொல்லையும் கேட்கவில்லை. வெயிலையும் மழையையும் தாங்குவதே அதற்குப் போதும் போதுமென்றிருந்தது. அதனால் மூன்றாம் மாடியில் நாச்சிமுத்து இழந்தது எதுவுமில்லை, சுகந்தி ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் கோகிலாவிடம் எடுத்துக்கொண்டாள், கோகிலா தான் இழந்ததை மறுபடியும் சமையலறைச் சுவரில் கை வைத்து, கண்ணு என்று கூப்பிட்டு, பிலோமினாவிடம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டாள். முதல் முறை சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. கை வைக்கும் இடத்தில் சுவரில் எண்ணெய்க்கறை படிந்து அவள் விரல்களின் உருவம் தெரிந்தது. அதன்மேல் காலண்டரை மாற்றி மாட்டினாள்.

பிலோமினா கொள்ளு ரசம் குடித்தாள். பிறகு ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலையில் எழுந்து வேப்பமரத்தைச் சுற்றி நடந்தாள், நடக்கிற பிலோமினாவைப் பார்த்து மூன்றாம் மாடிப் பெண்கள் "அக்கா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிங்க" என்று பால்கனியிலிருந்து யோசனை சொன்னார்கள், தங்களுக்குக் கிடைத்த அகலமான பால்கனியிலிருந்து. அவள் ரவிக்கை தொளதொளத்தது. துணி நைந்து லூசாகிவிட்டது என்று துணியைக் குற்றம் சொல்லி ஊக்குப் போட்டுக்கொண்டாள். சமையலறை இறுகியது. அதற்குத் தன்னைக் குற்றம் சொன்னாள். சுவர் நகர்கிற பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது, ஆனால் தன் வீட்டுச் சுவரை யாரும் தள்ளியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை. உலகத்தில் இத்தனை பொருள்கள் இருக்க, கல்லும் சிமெண்டும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்க, ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் முதலில் தன் உடம்பின்மேல்தான் வர வேண்டுமென்று யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. ஆனால் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இதற்கிடையில் சங்கக் கூட்டம் கூடியது. மொட்டைமாடியில் நாற்காலி போட்டார்கள். கீழ் மாடியில் இருவர் ஒரே சுவரிடம் இரண்டு பக்கமிருந்தும் கேட்டு, சுவர் குழம்பிப்போய் நடுங்கியதாகப் புகார். நாச்சிமுத்து எழுந்து, ஓர் ஒழுங்கு வேண்டும் என்று சொல்லி, வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டுமே சுவரிடம் பேசலாம், வாடகைக்கு இருப்பவர்கள் பேசக் கூடாது என்று தீர்மானம் வாசித்தார்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் கோகிலாவின் மகள் வெண்ணிலா கையைத் தூக்காமலே எழுந்தாள்.

"அதெப்படிங் அங்கிள்? வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இடுப்பு இல்லையா, கை கால் இல்லையா?"

"சட்டம் படிக்கற புள்ள நீ, சட்டம் பேசு. சுவரு சொந்தக்காரனுக்குத்தான?"

"ரெண்டு பக்கத்துச் சொந்தக்காரனுக்கும். அப்ப நகந்துக்கற எடம் யார் பக்கத்துலர்ந்து போகுதுன்னு மொதல்ல டேப் புடிச்சு அளப்போம். அப்புறம் தீர்மானம் போடுங்க."

"அளக்கறதெல்லாம் எதுக்கு அம்மணி," என்றாள் சுகந்தி இனிமையாக. "நம்மளுக்குள்ள என்ன அளவு?"

"அளவெடுக்காம விட்டாத்தான்க்கா நம்மளுக்குள்ள நல்லா இருக்கும், தெரியும்."

சிரித்தார்கள். வெண்ணிலா எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுவாள், கல்யாணமானால் சரியாகிவிடும் என்பதில் அந்த மொட்டைமாடியில் கருத்து வேறுபாடு இல்லை. வாடகைக்காரர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. பிலோமினா அப்போது கீழே, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கும் வாசனை மேலே வந்தது. ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார் நாச்சிமுத்து. கோகிலா தூக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் வெண்ணிலா கேட்டாள். "எதுக்கும்மா கை தூக்குன?"

"எல்லாரும் தூக்குனாங்க."

"எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லு."

கோகிலா ஃப்ரிட்ஜைத் திறந்து, எதையோ தேடுவதுபோல நின்றாள். குளிர் முகத்தில் அடித்தது. தேட வேண்டிய பொருள் எதுவும் அதில் இல்லை. ரொம்ப நேரம் நின்றாள். கதவு திறந்திருப்பதாக ஃப்ரிட்ஜ் கூவ ஆரம்பித்தது. மகள் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகே மூடினாள். அன்றிலிருந்து அவள் ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. பால் காய்ச்சும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரண்டியின் சத்தம் மிக அருகில், தன் தோளுக்குப் பக்கத்தில் கேட்பதுபோலக் கேட்டது. நகர்த்தி நகர்த்தி பிலோமினாவைத் தன் காதோரம் கொண்டுவந்து வைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஒரு மத்தியானம் பிலோமினா வந்து கதவைத் தட்டினாள். கையில் பெரிய சாம்பார் அண்டா. ரவிக்கையில் இப்போது இரண்டு பக்கமும் ஊக்கு. முழங்கைக்கு மேலே, கொதிக்கிற பாத்திரத்தில் பட்டு வெந்த தழும்பு வரிவரியாக.

"இதை நீ வெச்சுக்க கோகிலா. பொங்கல் நோம்பின்னா ஒதவும். நான் ஒண்ணாந்தேதியோட வீட்டைக் காலி பண்றேன்."

"எங்கீங்க்கா போறீங்க?"

"வால்பாறைல அண்ணன் வீட்டுக்கு. கேரியர் பசங்ககிட்டச் சொல்லிட்டேன். என்ன பட்டினி கெடந்தாலும் இந்த ஒடம்பு அடங்க மாட்டேங்குது. அடுப்பங்கரைல நின்னா நானே எனக்கு எடைஞ்சல்." அவள் குரலில் புகார் இல்லை. வெட்கம் இருந்தது. "அண்ணி கூடமாட வேலைக்கு ஆள் வேணும்னுது. ஒரு மூலைல படுத்துக்கலாம்."

கோகிலா அண்டாவை வாங்கிக்கொண்டாள். அது கனமாக இருந்தது. அந்தக் கனத்தைத் தூக்கி இறக்கிய கை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அப்போதுதான் நேராகப் பார்த்தாள். ஒரு மூலையில் படுத்துக்கொள்வது எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அண்டாவைக் கீழே வைக்காமலே, வெளியே வந்து, பிலோமினாவைத் தாண்டி, அவள் வீட்டுக்குள் போய், சமையலறை வாசலில் நின்றாள்.

அந்தப் பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காமலிருக்கத்தான் இத்தனை நாளும் வராமலிருந்தாள். அடுப்புத் திண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். சுவரில், பிலோமினாவின் முதுகு உரசி உரசி, ஆள் உயரத்துக்கு வெள்ளையடிப்பு தேய்ந்து வழவழவென்றிருந்தது.

"நீங்க பெருத்துப் போகலைங்க்கா," என்றாள் கோகிலா. "சுவருங்க்கா. என்ர ஃப்ரிட்ஜு உள்ள போகாம நாந்தான் இதைத் தள்ளிக்கச் சொன்னேன். அப்புறமும் சொன்னேன். ஒருக்கா இல்லை, பல தடவை."

பிலோமினா தேய்ந்த சுவரைப் பார்த்தாள். ஊக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அந்தக் கொள்ளு ரசம்?"

கோகிலா அண்டாவை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க கேளுங்க்கா," என்றாள். "கை வெச்சுக் கேட்டா வந்துரும். சங்கத்துல என்ன சொன்னா என்ன."

"நான் யாருகிட்டயும் ஒண்ணும் கேட்டதில்லை. சுவத்துக்கிட்டயா போயிக் கேப்பேன்?"

அப்போதுதான் கோகிலா அண்டாவைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, அந்த இடுக்குக்குள் நுழைந்து, பிலோமினாவின் முதுகு தேய்த்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தன் வீட்டைப் பார்த்து நின்று, தன் வீட்டுக்கு எதிராகக் கேட்டாள்.

"கொஞ்சம் தள்ளிக்க, கண்ணு."

சுவர் தயங்கியது. இத்தனை நாள் ஒரு பக்கம் போகச் சொன்னவளே இப்போது மறுபக்கம் சொன்னால் யாருக்குத்தான் தயக்கம் வராது. மறுபடி கேட்டாள். முன்பு எத்தனை முறை கேட்டாளோ அத்தனை முறையும் கேட்டாள், ஒவ்வொரு முறையும் எதற்காகக் கேட்டோம் என்பது ஞாபகம் வர வர, ஃப்ரிட்ஜுக்கு, அப்புறம் சுகந்தியின் பீரோவுக்கு, அப்புறம் நாச்சிமுத்துவின் சோபாவுக்கு, அப்புறம் எதற்கென்றே தெரியாமல் சும்மா கொஞ்சம் தாராளமாக இருக்கட்டுமே என்று. சுவர் நகர்ந்தது. அந்தப் பக்கம் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, பிறகு எதுவோ தரையில் இழுபடும் சத்தம், பிறகு சௌந்தரராஜனின் குரல், மழை வருகிறது என்று சொல்வதுபோல.

"கோகிலா, ஃப்ரிட்ஜு வெளிய வருது."

"வரட்டும்ப்பா, வழி விடுங்க," என்று வெண்ணிலாவின் குரல் கேட்டது. "உங்க கம்பெனி டேப் எங்க வெச்சுருக்கீங்க?" சற்று நேரத்தில் சுகந்தி வீட்டுக் காலிங்பெல் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சுகந்தி பக்கத்துச் சுவர் நெருங்கியபடியே நெருங்கியிருக்க, இந்தச் சுவரும் திரும்பி வந்துவிட்டதால், கோகிலாவின் சமையலறையில் இப்போது ஃப்ரிட்ஜுக்கு மட்டுமல்ல, அவளுக்கே இடம் குறைவு. ஃப்ரிட்ஜ் இனி ஹாலில் வாசலுக்கு நேராக, வருகிறவர் போகிறவர் எல்லோரும் இடித்துக்கொள்ளும்படி நிற்கும். நிற்கட்டும்.

கோகிலா சுவரிலிருந்து கையை எடுத்தாள். பிலோமினாவின் சமையலறை பழையபடி அகலமாகக் கிடந்தது, இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடக்கிற அளவுக்கு.

பிலோமினா உள்ளே வந்தாள். அண்டாவைத் தன் பக்கம் இழுத்து, அடுப்பில் கொதித்திருந்த சாம்பாரை அதில் ஊற்றினாள். பசங்களுக்கு மத்தியானக் கேரியர் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்து, தோளைக் குறுக்கி, இல்லாத சுவரில் முதுகு உரசாமலிருக்க ஒருக்களித்து, நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தாள். நடுவில் அத்தனை இடம் வெறுமனே கிடந்தது.

"அக்கா, நேராவே நடங்க," என்றாள் கோகிலா. "எடம் இருக்குதுங்க்கா."

பிலோமினா நின்றாள். தன் கால்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். மெதுவாக, புதிதாக வந்த வீட்டில் இருட்டில் திரும்புவதுபோல, உடம்பை நேராகத் திருப்பினாள். கோகிலா அவளுக்கு நேரெதிரே, வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்டாவிலிருந்து ஆவி இருவருக்கும் நடுவில் எழுந்தது.

"தள்ளு," என்றாள் பிலோமினா.

கொஞ்சம் என்று சொல்லவில்லை. கண்ணு என்றும் சொல்லவில்லை. கோகிலா தள்ளிக்கொண்டாள்.